பொன்னிற ஆடுகளைக் காத்த பெண்மணி

போர் வரலாறு என்றாலே படைத்தலைவர்களின் பெயர்களைத்தான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆடு வளர்த்த ஒரு பெண்மணிக்கும் அதில் இடமுண்டு என்பது என் கருத்து.

ஆங்கிலக் கால்வாயில், பிரான்சின் கரையை ஒட்டியுள்ள சிறு தீவு கெர்ன்சி. அங்குப் பொன்னிற உரோமமுடைய பால் ஆடுகளை 1924இல் கண்ட மிரியம் மில்போர்ன் என்பார், பின்னர் அவற்றைத் தாமே வளர்த்துப் பெருக்கலானார்.

1940 ஜூன் இறுதியில் ஜெர்மானியப் படை தீவைக் கைப்பற்றியது. கால்நடைகள் இறைச்சிக்காகப் பறிக்கப்பட்டபோது, மில்போர்ன் தம் மந்தையை ஒளித்து வைத்தார். கத்தும் உயிர்களை மறைத்து வைப்பது எளிதான செயலா?

1944இல் நேசநாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கியபின் தீவுக்கு உணவு வரத்து நின்றது. மக்கள் பசியால் வாடினர். செஞ்சிலுவைச் சங்கப் பொருள்களுடன் 'வேகா' கப்பல் வந்து சேர்ந்ததோ டிசம்பர் 27ஆம் நாள்தான். பெட்டை ஆடாவது பால் தரும். இனம் தழைக்கக் கிடாயும் வேண்டுமே! அது பால் தராது. தீனி மட்டும் தின்னும். அத்தகைய பஞ்சத்தில் மந்தையைக் காப்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்!

1945 மே 9ஆம் நாள் தீவு விடுதலை பெற்றது. எஞ்சிய ஆடுகளைக் கொண்டு அவர் மீண்டும் இனத்தைப் பெருக்கினார். 1965இல் பொன்னிறக் கெர்ன்சி ஆடுகள் முதன்முறையாகக் கடல் கடந்து இங்கிலாந்து சென்றன.