ஃபிகர் ஸ்கேட்டர்களுக்கான வலிமை, உடற்தகுதிப் பயிற்சி

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியாளர்கள் பனித்தளத்தை விட்டு இறங்கித் தரையில் செய்யும் பயிற்சிகளின் தொகுப்பு இது. தரைப்பயிற்சி என்றும் சொல்லலாம். தாவி எழுவதற்கான உந்துவிசை, இறங்கும்போது அதிர்வைத் தாங்கும் வலிமை, சுழலும்போது உடலை இறுக்கிப் பிடிக்கும் திறன், நான்கு நிமிட ஆட்டத்தைத் தளராமல் முடிக்கும் மூச்சு ஆகிய நான்கையும் வளர்ப்பது இதன் நோக்கம். பார்வையாளர் காணும் மென்மைக்கு அடியில் இருப்பது இந்த உழைப்புதான்.

தொடக்க வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்கேட்டிங் என்பது பனிமேல் கோடு போடும் கலையாகவே இருந்தது. உடலை விறைப்பாக நிமிர்த்தி, காலணிக் கத்தியின் விளிம்பால் வட்டங்களையும் 8 வடிவங்களையும் பிசகாமல் வரைபவரே தேர்ந்தவர். இந்த விறைப்பைத் தளர்த்தியவர் அமெரிக்கரான ஜாக்சன் ஹெய்ன்ஸ். பாலே கற்றிருந்த அவர், 1860களில் ஐரோப்பாவுக்குச் சென்று, இசைக்கேற்ப உடல் முழுவதையும் அசைத்து ஆடினார். வியன்னா நகரம் அவரைக் கொண்டாடியது. தரையில் பழகிய உடல் பனியிலும் பேசும் என்பதைக் காட்டிய முதல் மனிதர் அவரே.

அதே வியன்னாவில் 1882ஆம் ஆண்டுப் போட்டியில் நார்வே வீரர் ஆக்செல் பால்சன், முன்னோக்கிச் சென்றபடியே எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுழன்றார். இன்றும் அந்தத் தாவல் ஆக்செல் என்றே வழங்குகிறது. ஸ்வீடனின் உல்ரிக் சால்கோ 1909இலும், ஜெர்மனியின் வெர்னர் ரிட்பெர்கர் 1910இலும், ஆஸ்திரியாவின் அலோய்ஸ் லுட்ஸ் 1913இலும் தத்தம் பெயர் தாங்கிய தாவல்களைச் செய்துகாட்டினர். இதற்கிடையே 1892இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் பன்னாட்டு ஸ்கேட்டிங் சங்கம் தோன்றியது. முதல் உலகப் போட்டி 1896இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

தாவல்கள் பிறந்தும் உடல்வலிமைக்கு நெடுங்காலம் மதிப்பு ஏற்படவில்லை. கட்டாய வடிவங்கள் என்ற கோடு வரையும் சுற்றே அதற்குக் காரணம். மொத்த மதிப்பெண்ணில் ஏறத்தாழ 60 விழுக்காடு அதற்கே போனது. பொறுமையும் நுண்ணிய சமநிலையும் உள்ளவர் வென்றார். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா சுதந்திர ஆட்டத்தில் ஏழாவது இடமே பெற்றார். ஆயினும் வடிவங்களில் பெற்ற முன்னிலையால் தங்கம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, தாவல்களும் சுழற்சிகளும் கொண்ட குறும் ஆட்டம் புகுந்தது. வடிவங்களின் பங்கு படிப்படியாகச் சுருங்கி, 1990 உலகப் போட்டியோடு மறைந்தது. அவற்றுக்காகப் பனியில் செலவழிந்த மணிக்கணக்கான நேரம் தாவலுக்குத் திரும்பியது. தாவலோ உடலைக் கேட்டது.

வடிவங்கள் கோலோச்சிய காலத்திலும் தாவல்கள் வளர்ந்தே வந்தன. அமெரிக்காவின் டிக் பட்டன் 1948 ஒலிம்பிக்கில் இரட்டை ஆக்செலையும், 1952இல் போட்டிகளின் முதல் மும்மடங்குத் தாவலையும் நிகழ்த்தினார். கனடாவின் கர்ட் பிரவுனிங் 1988இல் புடாபெஸ்ட்டில் நான்கு சுற்றுத் தாவலைச் செய்தார். ஜப்பானின் மிடோரி இட்டோ அதே ஆண்டில் மும்மடங்கு ஆக்செலை முடித்த முதல் பெண்ணானார்.

சோவியத் பங்களிப்பு

தரைப்பயிற்சியை ஒழுங்கான முறையாக்கியது சோவியத் பயிற்சியாளர்களே. மாஸ்கோவில் ஸ்டானிஸ்லாவ் ஜுக் தம் மாணவர்களை ஓடவும் பளு தூக்கவும் வைத்தார். அவரிடம் வளர்ந்த இரினா ரோத்னினா, இணை ஆட்டத்தில் 1969 முதல் 1978 வரை பத்து உலகப் பட்டங்களும், 1972 முதல் 1980 வரை மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் வென்றார். தடகளத் துறையில் யூரி வெர்கோஷான்ஸ்கி, உயரத்திலிருந்து குதித்து உடனே மேலெழும் பயிற்சியை வகுத்தார். 1975இல் அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் இவ்வகைப் பயிற்சிக்கு பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இன்று தாவல் பயிற்சியின் முதுகெலும்பு இதுவே.

தாவலின் இயங்குமுறை

நான்கு சுற்றுத் தாவலில் ஸ்கேட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.7 நொடி. அதற்கு உடலின் மையம் சுமார் 60 சென்டிமீட்டர் மேலெழ வேண்டும். கைகளை மார்போடு அணைத்தால் சுழல்வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றைத் தாண்டும். அவ்வேகத்தில் கைகால்கள் வெளியே இழுபடும். இழுபடாமல் பிடித்து வைப்பது நடுவுடலின் வேலை. இறங்குகையில் உடல் எடையைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரையிலான விசை ஒற்றைக் காலில் விழுகிறது. விறைத்த காலணி கணுக்காலை மடங்க விடாது. எனவே அதிர்வை முழங்காலும் இடுப்பும் ஏற்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி வகைகள்

அடிப்படை வலிமை: ஸ்குவாட், டெட்லிஃப்ட், லஞ்ச், ஒற்றைக்கால் பயிற்சிகள். பெரும்பாலோர் இடஞ்சுழியாகச் சுழன்று வலக்காலிலேயே இறங்குவதால், இடக்காலுக்கும் சமமாக வேலை கொடுப்பது முதல் விதி.

வெடிப்பு விசை: பெட்டித் தாவல், தடைத் தாவல், ஸ்கிப்பிங். வலிமை சேர்ந்த பிறகே இவற்றைக் கூட்ட வேண்டும்.

நடுவுடல்: பிளாங்க், கனமான பந்து (மெடிசின் பால்) வீச்சு, தொங்கியபடி கால் உயர்த்தல்.

மூச்சுத்திறன்: வேக ஓட்டமும் இளைப்பாறலும் மாறிமாறி வரும் இடைவெளிப் பயிற்சி. ஆட்டத்தின் கடைசி நிமிடத்துத் தாவல்களைக் காப்பது இதுவே.

தரைத்தாவல்: ஸ்கேட் இல்லாமல் சாதாரணக் காலணியோடு சுற்றுகளை ஒத்திகை பார்த்தல். காற்றில் உடலை நேராக நிறுத்தும் நினைவு தசைகளில் இப்படித்தான் பதிகிறது.

நெகிழ்வு: பாலே, யோகா, நீட்டல் பயிற்சிகள்.

உலகப் போட்டி மார்ச்சில் முடிவதால், கோடையே பளு தூக்கும் காலம். இலையுதிர்காலத்தில் போட்டிகள் தொடங்கியதும் எடையையும் அளவையும் குறைத்து வேகத்தைப் பேணுவர்.

எடையும் காயமும்

பளு தூக்கினால் உடல் பருத்துச் சுழற்சி கெடும் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. அது தவறு. போட்டிக் காலத்தை ஒட்டி அளவாகச் செய்யும் வலிமைப் பயிற்சி தசையைப் பெருக்குவதைவிட, இருக்கும் தசையை விரைந்து இயங்கவே பழக்குகிறது. மாறாக, எடையைக் குறைக்க உணவைக் குறைப்பது எலும்பை மெலிவித்து மாதவிடாயை நிறுத்துகிறது. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்நிலைக்கு 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு' என்று பெயர் சூட்டி எச்சரித்தது. கால் எலும்பு நுண்முறிவு, கீழ்முதுகு வலி, முழங்கால் தசைநாண் அழற்சி ஆகியவை பரவலான காயங்கள். முதுகை வளைத்துச் சுழலும் ஆட்டங்களும் ஓயாத தாவல்களும் இளம் உடலைத் தேய்க்கின்றன. வலிமை உள்ள உடலே இவற்றைத் தாங்கும். மெலிந்த உடல் சில ஆண்டுகளில் முடங்கிவிடும்.

இன்றைய நிலை

அமெரிக்காவின் இலியா மாலினின் 2022இல் நான்கு சுற்று ஆக்செலை முதன்முதலாகப் போட்டியில் முடித்தார். அதே ஆண்டு பன்னாட்டுச் சங்கம் மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17 ஆக உயர்த்த முடிவு செய்தது. வலிமைப் பயிற்சியாளரும் உணவியலாளரும் இப்போது முன்னணி ஸ்கேட்டர்களின் குழுக்களில் இடம்பெறுகின்றனர்.