விற்பவர் அறிந்த குறை

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதிலும் அதற்குக் குறையாத தொல்லை உண்டு என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. என் தந்தையார் ஓர் ஏரிக்கரையை அடுத்து ஒரு வீடு வாங்கினார். நாங்கள் அதைப் பார்க்கச் சென்றது பங்குனி மாதம். சுவர்கள் புதுச் சுண்ணாம்பு பூசிப் பளிச்சென்று விளங்கின. ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் சமையலறையில் முழங்கால் அளவு நீர் நின்றது. “ஆண்டுதோறும் இப்படித்தான்” என்றனர் அண்டை வீட்டார். விற்றவருக்கு அது தெரியும். வாங்கிய எங்களுக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவ்வீட்டை நாங்களே விற்க நேர்ந்தது. அதுவும் ஒரு பங்குனி மாதம். வாங்க வந்தவர் வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி மிகப் பழையது. உரோமாபுரியின் பெரும் பேச்சாளராகிய சிசரோ, கி.மு. 44-ஆம் ஆண்டில், ஏதன்ஸ் நகரில் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் வீடு விற்பது பற்றிய செய்திகள் பல வருகின்றன. மகனுக்கு அறம் உரைக்கப் புகுந்த தந்தை வீட்டு வாணிகத்தை ஏன் எடுத்துக்கொண்டார்? பொய் கூறாமலே ஏமாற்ற முடியுமா என்பதைச் சோதிப்பதற்கு அதைவிடச் சிறந்த உரைகல் இல்லை என்று அவர் கருதினார் போலும்.

ஒருவனிடம் ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வீடு என்று ஊரார் எண்ணுகின்றனர். ஆனால் அது நோய் தரும் வீடு. அறைதோறும் பாம்புகள் தலைகாட்டுகின்றன. மரம் உளுத்துச் சரியும் நிலையில் உள்ளது. இவை உடையவனுக்கு மட்டுமே தெரியும். அவன் வாய் திறவாது விற்றால் அது குற்றமா? இவ்வினாவைக் குறித்து இரு தத்துவ அறிஞர் மாறுபட்டதைச் சிசரோ எடுத்துரைக்கிறார். ஒருவர் பாபிலோன் நாட்டு டயோஜினிஸ். மற்றவர் அவருடைய மாணாக்கராகிய தார்சஸ் நகரத்து ஆன்டிபாட்டர். “வாங்கு என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆராய்ந்து பார்ப்பது உன் பொறுப்பு” என்பது ஆசிரியர் கட்சி. “வழி தவறியவனுக்கு வழி காட்டாமை பழியாயின், தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் செல்ல விடுவது அதனினும் கொடிது” என்பது மாணாக்கர் கட்சி. சிசரோ மாணாக்கர் பக்கமே நிற்கிறார்.

மௌனத்தோடு நில்லாமல் நாடகமும் ஆடிய ஒருவன் கதையை அடுத்துக் காண்போம். கானியஸ் என்னும் உரோமப் பிரபு ஓய்வுக்காகச் சிசிலித் தீவின் சைரகூஸ் நகருக்குச் சென்றார். நண்பர்களை அழைத்து மகிழ்ந்திருக்கக் கடலோரத்தில் ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். பித்தியஸ் என்னும் வட்டிக்கடைக்காரன் இதனை அறிந்து, தன் தோட்டத்துக்கு அவரை மறுநாள் விருந்துக்கு அழைத்தான். மீனவரை எல்லாம் கூட்டி, அன்று தன் தோட்டத்தின் எதிரிலேயே மீன் பிடிக்குமாறு கேட்டுக்கொண்டான். கானியஸ் வந்து பார்த்தால் கடல் நிறையப் படகுகள்! பிடித்த மீனைக் கொணர்ந்து அவர்கள் பித்தியஸின் காலடியில் கொட்டினர். “இந்நகரத்து மீன் எல்லாம் இங்கேதான் கிடைக்கிறது” என்றான் அவன். கானியஸ் மிகவும் வேண்டி, கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்கினார். அடுத்த நாள் அங்கே ஒரு துடுப்பையும் காணவில்லை. “மீனவருக்கு இன்று விடுமுறையோ?” என்று அண்டை வீட்டாரை வினவினார். “இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லையே! நேற்றுக் கண்டு நானும் வியந்தேன்” என்றார் அவர். கானியஸ் சினந்தும் பயனில்லை. இத்தகைய வஞ்சகத்துக்கு வழக்குத் தொடுக்கும் முறையைச் சிசரோவின் நண்பராகிய அக்குவிலியஸ் என்னும் சட்ட வல்லுநர் அப்போது வகுத்திருக்கவில்லை.

மூன்றாவது செய்தி உரோமாபுரியிலேயே நிகழ்ந்தது. பறவைகளின் போக்கை நோக்கிச் சகுனம் கூறும் நிமித்திகர் அங்கே அரசாங்கத்தில் இடம் பெற்றிருந்தனர். சீலியன் குன்றின்மீது இருந்த கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவரின் வீடு உயரமாக நின்று அவர்கள் பார்வையை மறைத்தது. மறைக்கும் பகுதியை இடித்துவிடுமாறு அவர்கள் கட்டளையிட்டனர். அவரோ இடியாமல் வீட்டையே விற்றுவிட்டார். வாங்கிய கல்பர்னியஸ் லனாரியஸுக்கும் அதே கட்டளை வந்தது, அவர் இடித்தார். கட்டளை வந்த பின்னரே வீடு விலைக்கு வந்தது என்பதை அறிந்து வழக்குத் தொடுத்தார். நடுவராக இருந்த மார்க்கஸ் கேட்டோ, விற்றவர் அறிந்தும் சொல்லாமையால் வாங்கியவரின் நட்டத்தை அவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

இனி, மறுவிற்பனையைப் பற்றிய ஒரு வழக்கு. செர்ஜியஸ் ஒராட்டா என்பவரிடம் மாரியஸ் கிராட்டிடியானஸ் ஒரு வீடு வாங்கினார். சில ஆண்டுகள் கழித்து அதனை ஒராட்டாவுக்கே திரும்ப விற்றார். அவ்வீட்டின்மேல் பிறருக்கு ஓர் அனுபவ உரிமை இருந்தது. விற்பனை உடன்படிக்கையில் கிராட்டிடியானஸ் அதனைக் குறிக்கவில்லை. ஒராட்டா வழக்காடினார். அவர் பக்கம் பேசிய கிராசஸ், அறிந்த குறையைச் சொல்லாத விற்பனையாளர் ஈடு செய்ய வேண்டும் என்னும் சட்டத்தை எடுத்துக் காட்டினார். எதிர்ப்பக்கம் பேசிய அன்டோனியஸ், “முன்பு அந்த வீட்டை விற்றவரே ஒராட்டா, அவர் அறியாத குறை அதில் ஏது?” என்று நியாயத்தை எடுத்துக் காட்டினார். மறைத்தல் என்பது அறியாதவனிடத்து மட்டுமே நிகழக்கூடியது என்னும் நுட்பம் இங்கே தெளிவாகிறது.

இந்த இரு கட்சிகளும் நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றாக இணைந்துள்ளன. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவைப் பாருங்கள். வேறு விதமாக உடன்படிக்கை இல்லாதவிடத்து, சொத்திலோ தம் உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவருக்கு வெளியிட வேண்டும். ஆனால் அது விற்பவர் அறிந்ததாகவும், வாங்குபவர் அறியாததாகவும், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசலைப் பார்க்காமல் வாங்கியவருக்குச் சட்டம் துணை வராது. பார்க்கும் கடமை வாங்குபவருக்கு; சொல்லும் கடமை விற்பவருக்கு. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே சட்டம் கூறுகிறது.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு நாள் வீடு வாங்குவீர்கள். வெயிற்காலத்தில் பார்த்த வீட்டை மழைக்காலத்திலும் ஒருமுறை பாருங்கள். கானியஸ் பிந்திக் கேட்டதை நீங்கள் முந்தியே அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பாருங்கள். கிணற்றிலோ நடைபாதையிலோ பிறருக்கு உரிமை உண்டா என்று நேரிலும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. “நாளை இந்த வீட்டை நான் விற்க நேர்ந்தால், வாங்க வருபவரிடம் எதைச் சொல்லக் கூசுவேன்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறைக்கு உரிய தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். கழிக்க இயலாத குறையாயின் விலகிவிடுங்கள்.

என் தந்தையார் சிசரோவைப் படித்தவர் அல்லர். வாங்க வந்தவரைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, சுண்ணாம்புக்கு உள்ளே மங்கலாகத் தெரிந்த நீர்க்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். வந்தவர் யோசித்தார், விலையைக் குறைத்துக் கேட்டார். குறைந்த விலைக்கே வீடு கைமாறியது. கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த எனக்கு அன்று கோபம் வந்தது. “நமக்கு யாரும் சொல்லவில்லையே, நாம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?” என்று கேட்டேன். “சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியுமே, அதனால்தான்” என்றார் அவர்.