ஆற்காட்டு நவாபின் கடனும் எங்கள் ஊர் ஏரியும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறான். "அத்தை, செமினார் எடுக்கணும். பழமைவாதம்னா ஒரு வரியில சொல்லுங்க" என்றான். நான் யோசிக்காமல், "பழசைக் கட்டிக்கிட்டு அழறதுடா" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துவிட்டு, "எங்க சார் எட்மண்ட் பர்க்கைப் படிச்சிட்டுப் பேசச் சொல்றாரு" என்று ஒரு கட்டு ஜெராக்ஸை மேசைமேல் வைத்தான்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். பர்க்கின் ஆங்கிலம் அகராதி இல்லாமல் நகராது. ஆனால் அந்தக் கட்டில் ஒரு தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி, லண்டன் நாடாளுமன்றத்தில், 1785 பிப்ரவரி 28 அன்று பேசிய பேச்சு! எட்டாம் வகுப்பில் கர்நாடகப் போர்களை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! முகமது அலி, சந்தா சாகிப், ராபர்ட் கிளைவ் என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன். போர் முடிந்த பிறகு அந்த முகமது அலி என்ன ஆனார் என்று நானும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

இப்போது சொல்கிறேன். சென்னையில் வாலாஜா சாலையில் போகிறீர்களே, அந்த வாலாஜா இவர்தான். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர். கம்பெனிக்காரர்களின் துணையால் நவாபானார். அதற்கான போர்ச் செலவைக் கம்பெனி அவர் தலையில் கட்டியது. அதைக் கொடுக்கப் பணமில்லை. யாரிடம் கடன் வாங்கினார்? அதே கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த வெள்ளைக்காரர்களிடம். வட்டி நூற்றுக்கு 20, 25 என்று போனது. வட்டி கட்ட முடியாதபோது மாவட்டம் மாவட்டமாக நிலவரி வருமானத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்ட். தஞ்சாவூர் விளைச்சல்மீதே தனக்கு உரிமை உண்டு என்று வழக்காடிய ஆள். அந்தத் தகராறு முற்றித்தான் 1776இல் சென்னை கவர்னர் பிகட் பிரபுவையே அவருடைய ஆலோசனை சபைக்காரர்கள் கைது செய்தார்கள். அவர் காவலிலேயே 1777இல் இறந்துபோனார். கவர்னருக்கே அந்தக் கதி என்றால் குடியானவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

1784இல் பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன முடிவு செய்தது தெரியுமா? இந்தக் கடனில் எது நிஜம், எது பொய் என்று விசாரிக்காமலே, கர்நாடக வரிப்பணத்திலிருந்து வருடத்துக்கு 4,80,000 பவுண்டு எடுத்து அடைத்துவிடலாம் என்று! இதை எதிர்த்துத்தான் பர்க் எழுந்தார். கடன்காரர்கள் லண்டனில் எம்.பி. இடங்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தத் தாராளம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தீர்மானம் தோற்றது. ஆனால் அவர் சொன்னது வீண்பேச்சில்லை. அதற்குப் பிறகும் நவாபின் பேரில் புதிது புதிதாகக் கடன்கள் முளைத்தன. 1805இல் அவற்றை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் இல்லை என்று கடைசியில் தெரிந்தது. அதற்குள் 1801இலேயே கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்தப் பேச்சின் நடுவில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பர்க் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். நம் ஏரிகளை! இந்தியாவுக்கு ஒருநாளும் வந்திராத மனிதர், செங்கல்பட்டுச் சீமையின் நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஏரிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 1,100க்கு மேல் வந்ததாம். இரண்டு மூன்று ஏக்கர் குட்டை முதல், சுற்றிவர ஐந்து மைல் உள்ள பெரிய ஏரி வரை. கர்நாடகமும் தஞ்சையும் சேர்ந்தால் 10,000க்குக் குறையாது என்கிறார். மழையை நம்பிய பூமி இது, தேக்கி வைக்காவிட்டால் பிழைப்பில்லை, கரையை வருடா வருடம் பார்க்காவிட்டால் ஏரியும் இல்லை என்று நம் ஊர் நீர்ப்பாசனத்தை அவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். இவற்றைக் கட்டிய பழைய அரசர்கள் தாங்கள் செத்த பிறகும் குடிகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள், கடன் கொடுத்தவர்களோ வரியை உறிஞ்சுவதோடு சரி, மண்வெட்டி மண்கூடப் போடமாட்டார்கள் என்பதுதான் அவருடைய வாதம்.

செங்கல்பட்டுச் சீமை என்றால் எங்கள் ஊரும் அதில் சேர்ந்ததுதான். எங்கள் ஏரியும் அந்த 1,100இல் ஒரு புள்ளியாக இருந்திருக்க வேண்டும்.

இனி பழமைவாதத்துக்கு வருகிறேன். பர்க் 1729இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். இருந்தது விக் கட்சியில். கன்சர்வேடிவ் என்ற கட்சிப் பெயரே அவர் இறந்து முப்பது வருடத்துக்குமேல் கழித்து வந்தது. அமெரிக்கக் குடியேற்றக்காரர்களோடு சமாதானமாகப் போங்கள் என்று 1775இல் பேசியவர். ஆனால் 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது, இங்கிலாந்தில் பலர் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் 1790 நவம்பரில் எதிர்த்துப் புத்தகம் எழுதினார். அப்போது பிரான்ஸ் மன்னர் உயிரோடுதான் இருந்தார். இது ரத்தத்தில் முடியும், கடைசியில் படையைத் தன் சொல்லுக்கு ஆட வைக்கும் தளபதி ஒருவன் வந்து எல்லாரையும் ஆள்வான் என்று எழுதினார். 1793இல் மன்னர் தலை போனது. 1799இல் நெப்போலியன் வந்தார்.

ஜோசியம் இல்லை இது. மனிதனைப் பற்றி அவர் வைத்திருந்த கணக்கு. தனி மனிதனின் அறிவு கைச்சில்லறை மாதிரி, தலைமுறைகள் சேர்த்து வைத்த பழக்கமும் அனுபவமும் குடும்பச் சேமிப்பு மாதிரி. சில்லறையை நம்பிச் சேமிப்பைக் கொளுத்தாதே என்கிறார். பிரான்சில் பழைய மாகாணங்களை அழித்து 83 மாவட்டங்களாக வெட்டினார்கள். தேவாலய நிலத்தைப் பறித்து, அதன் பேரில் காகிதப் பணம் அடித்தார்கள், அது செல்லாக்காசானது. காகிதத்தில் கோடு போட்டால் சமுதாயம் அப்படியே நிற்காது என்று அவர் சொன்னது நடந்தது. சமுதாயம் என்பது செத்தவர், இருப்பவர், இனிமேல் பிறக்கப்போகிறவர் எல்லாரும் சேர்ந்த ஒரு கூட்டு என்பது அவர் கருத்து. மாற்றமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாத அரசு நிலைக்காது என்கிறார். ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டும், அதற்காகக் கரையையே வெட்டிவிடக் கூடாது. (இந்த உதாரணம் என்னுடையது.)

இதுவரை படித்தபோது தம்பி மகனிடம், "நான் சொன்னது தப்புடா, இந்த ஆள் விஷயம் உள்ளவர்" என்று போனில் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

என் தாத்தா எங்கள் ஏரியின் நீர்க்கட்டி. உங்களில் பலருக்கு இந்த வேலையே தெரிந்திருக்காது. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கரை கசிகிறதா என்று ராத்திரியெல்லாம் லாந்தரோடு நடப்பது. அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அறுவடைக் களத்தில் தள்ளி நின்று கைநீட்டி வாங்கும் நெல்தான் கூலி. ஊருக்கே தண்ணீர் கட்டிய அந்த மனிதர் ஊர்க் கிணற்றில் வாளி போட முடியாது. என் அப்பா சிறுவனாக இருந்தபோது கோயில் குளத்தில் கால் நனைத்ததற்குக் கட்டி வைத்து அடித்தார்கள். அதுவும் தலைமுறைகள் சேர்த்து வைத்த பழக்கம்தானே? செத்தவர், இருப்பவர், பிறப்பவர் கூட்டில் என் தாத்தாவின் பங்கு எது? பர்க் வரைபடத்தில் ஏரியை எண்ணினார். வரைபடத்தில் நீர்க்கட்டி தெரியமாட்டார்.

அந்தப் பழக்கத்தை உடைத்தது சட்டம், அரசாங்கம், பள்ளிக்கூடம். அவை இல்லாவிட்டால் நான் உங்களுக்கு டீச்சர் இல்லை.

பொருளாதாரத்திலும் எனக்கு அவரோடு சண்டை உண்டு. 1795இல் இங்கிலாந்தில் தானியப் பஞ்சம். கூலியை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. கூடவே கூடாது, கூலி என்பது சந்தை விவகாரம், மக்களுக்குச் சோறு போடுவது அரசின் வேலையில்லை, ஏழைக்கு உதவுவது தர்மம் என்று பிரதமர் பிட்டுக்குக் குறிப்பு எழுதினார். நவாபின் கடன்காரர்கள் விஷயத்தில் அத்தனை கோபப்பட்டவர் இங்கே மட்டும் ஏன் இப்படி? பென்ஃபீல்ட் செய்தது வியாபாரமில்லை, அதிகாரத்தை வைத்துச் செய்த கொள்ளை என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. மதிய மணி அடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். சத்துணவுத் தட்டு இல்லாவிட்டால் அதில் பாதிப்பேர் ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள். உங்களில் சிலருக்கே அது தெரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவருடைய உறவினர்போல் பழகிய வில்லியம் பர்க் தஞ்சை ராஜாவின் முகவராக இருந்தவர். அதனால்தான் இவருக்கு நவாப்மேல் கோபம் என்று அப்போதே பேசினார்கள். இருக்கலாம். ஆனால் வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் 1788 முதல் 1795 வரை வழக்கு நடத்தி, தோற்று, கெட்ட பெயரும் வாங்கியதற்கு அந்த ஒரு காரணம் போதாது என்று எனக்குப் படுகிறது.

போன ஞாயிறு தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தேன். நீர்க்கட்டி முறை நின்று பல வருடமாகிறது. அதற்காக நான் அழவில்லை, அந்தக் கூலிக்கு யாரும் திரும்பிப் போக வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் வேறு யாரும் வரவில்லை. மதகுப் பலகை மக்கிக் கிடக்கிறது. வரத்துக் கால்வாயில் வீடு. உள்வாயில் சீமைக் கருவேலம். தாத்தா நடந்த கரையில் பாதியைக் காணோம். எதையோ ஒன்றை உடைக்க வேண்டியிருந்தது, சரியாகத்தான் உடைத்தோம். கூடவே இதுவும் போயிற்று. "இதையே செமினார்ல சொல்லட்டா அத்தை?" என்றான். "சொல்லு, தாத்தாவைச் சேர்த்துச் சொல்லு" என்றேன்.

பொதுப்பணித் துறையிலும் நில அளவையிலும் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி. பர்க் எண்ணிய அந்தச் செங்கல்பட்டு வரைபடத்தின் நகல் எங்கேயாவது பார்வைக்குக் கிடைக்குமா? எங்கள் ஏரி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கமென்ட்டில் சொல்லுங்கள், இல்லையென்றால் வழக்கம்போல் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் போன் செய்யுங்கள்.