கூப்பன், கொப்பி, துண்டு: வன்னிச் சனத்தின் கணக்குகள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2025 மே மாதத் தொடக்கத்தில் வந்த செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். யுத்தத்தின் கடைசியில் வன்னியில் இராணுவம் எடுத்து வைத்திருந்த தங்க, வெள்ளி நகைகள் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் எங்கள் சனம் தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகளும் உண்டு. உரிமையை நிரூபிக்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் என்றார்கள். அன்று பின்னேரமே ஊரில் எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: "துண்டு ஆரிட்டக் கிடக்கு?"

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் அரசர்கள் இருக்கிறார்கள், குளங்கள் இருக்கின்றன. சங்கக்கடை இல்லை, முதலாளியின் கொப்பி இல்லை, அடகுத் துண்டு இல்லை. ஆனால் வன்னியில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த மூன்றையும்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சங்கக்கடையில் இருந்து தொடங்குகிறேன். 1942 இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோனது. அரசாங்கம் பங்கீட்டைக் கொண்டுவந்தது. அந்த அரிசியையும் சீனியையும் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கத்தான் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடு முழுக்க முளைத்தன. ஆளுக்கொரு கூப்பன். ஒரு வீட்டில் எத்தனை வாய் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்ததே அந்தக் கூப்பன் புத்தகத்தால்தான். 1957 இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்தபோது பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1961 இல் கூட்டுறவு இயக்கத்தின் தோளில் ஏறித்தான் மக்கள் வங்கியே பிறந்தது. இன்றைக்கு ஏ.டி.எம். வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த வங்கியின் வேர் சங்கக்கடையில் இருப்பது தெரியாது.

சங்கம் அரசாங்கத்துக்காக நெல்லும் வாங்கியது. உத்தரவாத விலை என்று ஒன்று இருந்தது, 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் வந்தது. ஆனாலும் பெரும்போக வெட்டு முடிந்த கையோடு விவசாயி அநேகமாகப் போனது முதலாளியிடம். ஏன்? சங்கத்தில் சாக்கு வரவேண்டும், ஈரப்பதன் பார்க்கவேண்டும், காசு வரக் காத்திருக்கவேண்டும். முதலாளியோ சூடு மிதிக்கிற களத்துக்கே லொறியோடு வந்து நிற்பார். அதைவிட முக்கியம், விதைப்புக் காலத்தில் இருந்து அவருடைய கடைக் கொப்பியில் விவசாயியின் பெயர் ஏறியிருக்கும். அரிசி, மா, மண்ணெண்ணெய், பசளை, பிள்ளைக்குச் சட்டைத்துணி, ஆசுபத்திரிக்குப் போகக் கைக்காசு எல்லாம் அதில்தான். வெட்டு முடிய நெல்லாகக் கழியும்.

அந்த முதலாளிமாரில் கணிசமானோர் எங்கள் ஆட்கள். வவுனியா நகரத்திலும் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் இருந்தன. அந்தக் கொப்பிகளைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது பெருமையாகத்தான் பேசுவார்கள்: "தமிழ்ச் சனமும் நாங்களும் தாயும் பிள்ளையுமாக இருந்தோம், வட்டி ஒரு சதம் எடுக்கவில்லை." உறவு இருந்தது உண்மை. வட்டி என்ற பெயரில் எடுக்காததும் உண்மை. ஆனால் கடனுக்கு எடுத்த சாமானின் விலையிலும், கடன்காரனிடம் வாங்கிய நெல்லின் விலையிலும் அது ஒளிந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹராம், ஹலால் பேசுகிற நாங்கள் அந்தக் கணக்கையும் நேராகப் பார்க்க வேண்டும். அதேவேளை, மழை பிழைத்த வருசம் அந்தக் கொப்பி அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போனது. முதலாளி குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காசு கேட்பார். பின்னால் வந்தவர்களோடு ஒப்பிடும்போது இது சின்ன விசயம் இல்லை.

எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் கையில் காசு பார்த்தார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலை விழுந்தது. பழைய கொப்பிகள் கிடைத்தால் அதில் இந்த ஏற்றமும் இறக்கமும் பக்கம் பக்கமாகத் தெரியும். கிடைக்கவேண்டுமே.

1990 ஒக்டோபர். இதை எழுதும்போது விரல் கொஞ்சம் நிற்கிறது. விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்கள் என்று ஏறத்தாழ 75,000 பேர். கடை திறந்தபடி, களஞ்சியத்தில் மூட்டை அடுக்கியபடி கிடக்க வந்தோம். யாழ்ப்பாணத்தில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். கடைக் கொப்பிகள் என்னவாயின? சனம் கடைக்குத் தரவேண்டிய கடனும், கடை கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய கடனும் அவற்றில்தான் இருந்தன. முதலாவது வரவில்லை. இரண்டாவதைக் கேட்டு ஆட்கள் புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்கே வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கொப்பி போன இடத்தில் பள்ளிவாசல் பதிவேடு நின்றது. புத்தளத்து முகாம்களில் நம்மவர்கள் ஊர் ஊராகத்தான் சேர்ந்து இருந்தார்கள். அந்தந்த ஊர் ஜமாஅத்தின் பெயரிலேயே குடும்பங்களை எழுதி வைத்தார்கள். ஆர் எந்த ஊர், எந்த வீட்டுப் பிள்ளை என்று இருபது வருசம் அழியாமல் இருந்தது அதனால். மீள்குடியேற்றத்துக்கு வந்தபோது கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் "நீங்கள் இந்த ஊர்தானா?" என்று கேட்கப்பட்டபோது பல குடும்பங்கள் கையில் கொண்டு போனது பள்ளிவாசல் கடிதம்.

இனி அங்கே இருந்தவர்களின் கதை. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா, பற்றறி போகவிடவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது.

அந்தக் காலத்தின் மிக விசித்திரமான நிறுவனம் சங்கக்கடைதான். ஊரை ஆண்டது இயக்கம். ஆனால் நிவாரணச் சாமானை அனுப்பியது கொழும்பு அரசாங்கம். அரசாங்க அதிபரும் கிராம சேவகரும் அரசாங்கத்தின் சம்பளத்தில் வேலை செய்தார்கள். நிவாரண அட்டையைப் பார்த்து அரிசியும் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்தது கூட்டுறவுச் சங்கம். இரண்டு அதிகாரமும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. சாமான் பிந்தினால் திட்டு வாங்கியதும் அந்தச் சங்க மனேச்சர்தான். ஷெல் விழுந்தால் தராசையும் பதிவேட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊரில் போய்க் கடை விரித்ததும் அந்த ஆட்கள்தான். அவர்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்ததாக நான் காணவில்லை.

1994 இல் தமிழீழ வைப்பகம் தொடங்கியது. புலிகள் தனி நாணயம் அடிக்கவில்லை. வைப்பகத்திலும் புழங்கியது இலங்கை ரூபாய்தான். சேமிப்பு, நிலையான வைப்பு, கடன், நகை அடகு என்று மற்ற வங்கிகள் செய்வதைச் செய்தது. எங்களை வெளியேற்றியவர்களின் வங்கியைப் பற்றி நான் எழுதுவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அதில் நகை வைத்தவர்கள் எங்கள் அயலவர்கள். அடிக்கடி இடம்பெயர்கிற வாழ்க்கையில் ஓலை வீட்டுக்குள் நகையை வைத்திருக்க ஆருக்குத்தான் துணிவு வரும்? விதைப்புக்கும் காசு வேண்டும். பக்கத்தில் வேறு வங்கி வாசல் அரிது. துவக்கு வைத்திருந்த அதிகாரத்தின் வங்கி அது என்பதும் சரி, கவுண்டருக்குப் பின்னால் இருந்து துண்டு எழுதித் தந்தது ஊர்ப் பிள்ளைதான் என்பதும் சரி. சனம் நம்பியது அந்தத் துண்டை.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரல் 13 ஆம் திகதி ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கிளிநொச்சியில் சந்தித்து முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி உடன்பட்டார்கள். ஏ9 வீதி திறந்தது. ஓமந்தையில் மணித்தியாலக் கணக்கில் லொறிகள் நிற்க, வவுனியா நகரக் கடைகள் வீங்கின. நம்மவர்களும் துணி, பாத்திரம் ஏற்றிக்கொண்டு போனார்கள், புலிகளின் வரியைக் கட்டினார்கள். 1990 இல் விட்டுப்போன கடையில் வேறு ஆட்கள் இருப்பதைக் கண்டவர்கள் உண்டு. பழைய கடனை நினைவு வைத்துக் கையில் காசைத் திணித்த வாடிக்கையாளரைக் கண்டவர்களும் உண்டு. இரண்டு கதையும் நம் வீடுகளில் சொல்லப்படுகின்றன. ஒன்றை மட்டும் சொல்லுகிறவரை நான் நம்புவதில்லை.

2006 ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது. அதற்குப் பிறகு மே மாதம் வரைக்கும் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, அதைச் சொல்ல உரிமையுள்ளவர்கள் இதை வாசிப்பவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கணக்கோடு மட்டும் நிற்கிறேன். மாத்தளனில் இருந்தும் முள்ளிவாய்க்காலில் இருந்தும் கடல்நீரேரிக்குள்ளால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம் அடகுத் துண்டு எங்கே என்று கேட்பது எப்படி? சிலர் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் தைத்துக் கொண்டுவந்தார்கள். சிலர், வைப்பகத்துத் துண்டு இராணுவத்தின் கண்ணில் பட்டால் என்ன கேள்வி வருமோ என்று பயந்து கிழித்தே போட்டார்கள். அதே துண்டைத்தான் இன்று ஆதாரமாகக் கேட்கிறார்கள்.

2014 இல் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்தபோது அடையாளம் காணப்பட்ட ஒரு பகுதியினருக்கு நகை திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்சம் பதினொரு வருசம் கழித்துத்தான் பொலிசாரின் கைக்கு வந்திருக்கிறது. நகை வைத்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

யுத்தம் முடிந்து மெனிக் பாம் முகாமில் இருந்து சனம் ஊர் திரும்ப, ஏ9 ஓரம் கண்ணாடிக் கதவு போட்ட வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்தன. வீட்டுத்திட்டக் காசு அத்திவாரத்தோடு முடிய, மிச்சத்துக்குக் கடன். ஐந்து பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்து நுண்கடன். கிழமைக்கொரு நாள் சைக்கிள் சத்தம் போய் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. காசு கட்டும்வரை வாசலில் இருந்து எழும்பாத உத்தியோகத்தர்களைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். கடன்காரர் வருகிற கிழமையில் பாடசாலைக்கு வராத பிள்ளையும் உண்டு. பழைய முதலாளி குளத்தைப் பார்த்தார். இவர்கள் கலண்டரை மட்டும் பார்த்தார்கள். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த, தவணை தவறிய பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததென்றால் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள். அது நடந்தது பெண்கள் தெருவுக்கு வந்து கத்திய பிறகுதான்.

இப்போது ஒரு விசயத்தை நம்மவர்களிடமும் தமிழ் உறவுகளிடமும் சேர்த்தே கேட்கிறேன். 2009 இல் போன நகைக்குச் சிலரிடமாவது துண்டு இருக்கிறது. பொருள் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் பற்றிப் பேச்சாவது நடக்கிறது. 1990 இல் வடக்கில் கழற்றி வாங்கிய நகைக்கு எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் துண்டு இல்லை. அதைக் கொடுக்கக்கூடிய ஆட்களும் இல்லை. எந்த ஜனாதிபதியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதைச் சொன்னால் "இப்ப ஏன் பழசைக் கிளறுறீங்கள் சேர்?" என்பார்கள். வைப்பகத்து நகையைக் கேட்கிற அம்மாவிடம் அப்படி ஆரும் சொல்லக்கூடாது என்றால், புத்தளத்தில் இருந்து திரும்பி வந்த உம்மாவிடமும் சொல்லக்கூடாது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கொப்பியில் ஏறவேண்டிய கணக்கு.

அதனால் செய்யக்கூடிய ஒரு வேலை. வீட்டில் பழைய கூப்பன் புத்தகம், நிவாரண அட்டை, சங்கத்துப் பங்குச் சீட்டு, கடைக் கொப்பி, வைப்பகத்துப் புத்தகம், அடகுத் துண்டு, புத்தளத்து முகாம் அட்டை, பள்ளிவாசல் சந்தாப் புத்தகம் எது இருந்தாலும் எறியாதீர்கள், கறையான் அரிக்க விடாதீர்கள். போனில் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அடகுத் துண்டின் படத்தை மட்டும் இங்கே கமெண்டில் போடவேண்டாம், பெயரும் இலக்கமும் வேறு ஆட்களின் கையில் போய்விடும். அதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து நேரே கொடுங்கள். துண்டு இல்லாதவர்கள் என்ன நகை, எத்தனை பவுண், எந்தக் கிளை, எந்த வருசம் என்று நினைவில் இருப்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு, தெரிந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். 1990 இல் இழந்தவர்களும் அப்படியே. எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எழுதச் சொல்லுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் பாடசாலை விட்ட பிறகு உங்கள் வீட்டுக்கே வந்து எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறார்கள். ஒரு தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் போதும்.