சம்னர் நீதிமன்றம்: நீதி மறுக்கப்பட்ட இடமே நினைவிடமான கதை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்கள் சூழ்ந்த சிற்றூர் சம்னர். சில நூறு பேரே வாழும் இவ்வூரின் நடுவில் செங்கல்லால் எழுப்பப்பட்ட இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் டலஹாட்சி கவுண்டியின் நீதிமன்றம்.

1908இல் பழைய நீதிமன்றம் எரிந்துபோன பின்னர், 1910ஆம் ஆண்டளவில் இது கட்டி முடிக்கப்பட்டது. அரைவட்ட வளைவுகள், பாரமான சுவர்கள், உயர்ந்த மணிக்கூட்டுக் கோபுரம் என்பன இதன் அடையாளங்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி ஹொப்சன் ரிச்சர்ட்சனின் பெயரால் அறியப்படும் ரோமனெஸ்க் பாணி இது. பார்ப்பவர் மனதில் சட்டத்தின் பலத்தைப் பதிக்கும் தோற்றம்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு.

1955 ஓகஸ்ட் 28 அதிகாலை, சிக்காகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். மூன்று நாட்களின் பின் அவனது உடல் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. செப்டெம்பர் 19 முதல் 23 வரை, ரோய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மிலம் ஆகிய இரு வெள்ளையர்கள் இங்கு விசாரிக்கப்பட்டனர். கவுண்டியில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். எனினும் அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. ஜூரிகள் வாக்காளர்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டதால், 12 பேரும் வெள்ளை ஆண்களாகவே அமைந்தனர். கறுப்பின ஊடகவியலாளர்களுக்குத் தனியாக ஒரு சிறு மேசை ஒதுக்கப்பட்டது.

சிறுவனின் உறவினரான மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கடத்தியவர்களைக் கைநீட்டிக் காட்டினார். மீட்கப்பட்டது தன் மகனின் உடலே என்று தாய் மேமி டில் உறுதிப்படுத்தினார். ஜூரிகளோ சுமார் ஒரு மணிநேரத்தில் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தனர்.

1956 ஜனவரியில், விடுவிக்கப்பட்ட இருவரும் கொலை செய்ததை 'லுக்' சஞ்சிகையிடம் பணம் பெற்றுக்கொண்டு ஒப்புக்கொண்டனர். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்ற சட்டம் அவர்களைக் காத்தது. இக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2007 ஒக்டோபர் 2ஆம் திகதி, இதே நீதிமன்றத்தின் முன்னால், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அடங்கிய உள்ளூர் ஆணைக்குழு டில் குடும்பத்திடம் மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை வாசித்தது. பின்னர் நீதிமன்ற அறை 1955இல் இருந்த தோற்றத்துக்கே புனரமைக்கப்பட்டது. 2023 ஜூலை 25ஆம் திகதி இக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னத்தின் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

நினைவுகூரல் இலகுவாக வரவில்லை. உடல் மீட்கப்பட்ட ஆற்றங்கரையில் நாட்டப்பட்ட பெயர்ப்பலகை மீண்டும் மீண்டும் சுடப்பட்டதால், 2019இல் குண்டு துளைக்காத பலகை நாட்டப்பட்டது.

தீர்ப்பை இந்தக் கட்டடத்தால் திருத்த முடியாது. ஆனால், இங்கே நீதி மறுக்கப்பட்டது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு தாயின் சாட்சியம் அந்த இடத்துக்கு வந்துசேர 68 ஆண்டுகள் எடுத்தன.