மின்சாரக் கார்: வீட்டிலும் வழியிலும் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களின் முதல் கேள்வி, "வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?" என்பதுதான். ஆனால் அதற்கு முன் நாம் கவனிக்க வேண்டியவை வீட்டு ஒயரிங்கும் கரண்ட் பில்லும்.

வீட்டில்: இப்போதுள்ள வீட்டு மின் இணைப்பிலேயே காருக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட் கிடைக்கும். 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் இவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் பழைய ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். எனவே மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர், சரியான எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

பில்: ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டு மாதத்தில் 330 யூனிட்டுக்கு மேல் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணச் சலுகை குறைந்துவிடும். கணக்கிட்டு வாங்குவோம்.

வழியில்: குறிஞ்சிப்பாடியிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன் செயலியில் இரண்டு சார்ஜிங் நிலையங்களைப் பார்த்து வைப்போம். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். பெரும்பாலான கார்களுக்கு சி.சி.எஸ்.2 வேக சார்ஜர் பொருந்தும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடும் என்பதால் அதோடு கிளம்பிவிடலாம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.