வன்னியின் வாய்மொழி வரலாறு

ஒட்டுசுட்டானுக்கு வரும் வழிப்போக்கர் ஒருவர், இவ்வூருக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவுவாராயின், அவருக்கு விடையாகக் கிடைப்பது ஒரு கதையே. முன்னொரு காலத்தில் உழவன் ஒருவன் குரக்கன் அறுத்த ஒட்டுக்குத் தீ வைத்தானாம். அவ்விடத்தே சிவலிங்கம் வெளிப்பட்டதாம். ஆதலின் ஊர் ஒட்டுசுட்டானாயிற்றாம். கதை முடிந்ததும் பேச்சு மழைக்கும் மாட்டுக்கும் திரும்பிவிடும்.

வன்னியிலே கதை சொல்வதற்கெனத் தனி மேடை வேண்டியதில்லை. சூடு மிதிக்கும் களத்திலும், யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கும் கொட்டிலிலும், நெடிய இரவுப் பேச்சினூடே கதை தானாகவே வந்து கலந்துவிடும். ஆங்கில ஆட்சிக்காலத்து அதிகாரியாகிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். நெற்களத்திற்கே உரிய சொற்களைப் பற்றியும் அவர் எழுதினார். உழவரின் பேச்சு ஏட்டிலே பதிவு செய்யத்தக்கது என்று அக்காலத்திலேயே கருதப்பட்டது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையும் இத்தகையதே. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவரிடம் மூதாட்டி ஒருத்தி வந்தாளாம். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்க்கச் சொன்னாளாம். தலையிலே பேன் பார்த்த சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டனராம். வைகாசிப் பொங்கலின்போது உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

இக்கதைகளின் வினைமுற்றுகளிலே 'ஆம்' என்னும் ஓரசை ஒட்டியிருப்பதை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். "வந்தாள்" என்றால் சொல்பவர் தாமே பொறுப்பேற்கிறார். "வந்தாளாம்" என்றால் முன்னோர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். வட அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாழும் அரப்பஹோ மக்களும், தாம் நேரிற் காணாத பழங்கதையைக் கூறும்பொழுது வினைக்கு முன்னே அதற்கென ஓர் ஒட்டைச் சேர்ப்பர். கடல்களுக்கு அப்பாலும் அதே நேர்மை!

இந்நேர்மை வரலாற்றுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பண்டாரவன்னியன் வரலாறு காட்டும். அவன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டுக் கூறியது. வென்றவர் நாட்டிய கல் அவ்வளவே சொல்லும். ஊரார் பேச்சோ, அவனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியனாம் என்று மேலும் சொல்லும். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையிலே, சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவனும் காக்கை வன்னியன் என்னும் பெயரினனே! பறங்கியர் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டது 1619இல். ஏறக்குறைய இரு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு வீழ்ச்சிகளுக்கு ஒரே பெயர் காரணமாகிறது. இதனாற் கதை பயனற்றது என்று தள்ளுதல் தகாது. தோல்வியைக் காட்டிலும் துரோகமே மக்கள் நெஞ்சை வருத்திற்று என்னும் உண்மையை அது உணர்த்துகிறது. எனினும் 'ஆம்' என்பதை நீக்கிப் பாடமாக்குதலும் தகாது.

2009இல் முடிவுற்ற போரிலே வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, பின்னர் முகாம்களில் வாழ்ந்தனர். கதையைச் சொன்ன முதியோர் பலர் திரும்பவில்லை. குளத்தையும் மரத்தையும் சுட்டிச் சொல்லப்பட்ட கதைகள் குளமும் மரமும் காணாத பிள்ளைகளின் செவிக்கு எட்டவில்லை. எஞ்சிய முதியோரிடம் இளையோர் சென்றமர்ந்து இவற்றைக் கேட்டெழுதுதல் காலத்தாற் செய்யத்தக்க கடமையாகும். எழுதும்பொழுது கதையைத் திருத்த வேண்டாம். அந்தச் சிறிய 'ஆம்' என்னும் அசையையும் விட்டுவிட வேண்டாம். கண்டது இது, கேட்டது இது என்று பிரித்துச் சொன்ன மூத்தோர் வன்னிக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.